சாயவேரின் சிறுபூ

இளவேனில் என்றதும் பனி உருகிப் புல் துளிர்க்கும் மேனாட்டுக் காட்சியை எண்ணிக்கொண்டு முருங்கனுக்கு வருவோர் ஏமாந்து போவர். இங்கே நிலத்தைக் குளிர்விப்பது ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியே. மழை ஓய்ந்த தை, மாசியில் தரையெங்கும் சிறு பூக்கள். ஈரம் வற்றி முருங்கனின் களிமண் வெடிக்கும் சித்திரை, வைகாசியிலோ மரங்களின் முறை. வேம்பு பூத்து உதிர, அதனைக் கூட்டியெடுத்து வடகத்துக்கு உலர்த்துவர் பெண்கள். கொன்றை பொன்னாய்த் தொங்கும். கட்டுக்கரைக்குளத்தின் நீர் வாங்கிய ஓரங்களில் தாமரையும் ஆம்பலும் எஞ்சி நிற்கும்.

கொன்றையைக் கண்டவுடன் திருக்கேதீச்சரம் நினைவுக்கு வருதல் இயல்பே. பாலாவிக் கரையிலமர்ந்த அப்பெருமானைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். ஆயினும் இன்று நான் கூறவிழைவது எவரும் பாடாத ஒரு பூவைப் பற்றியது.

முருங்கனிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் செல்லச் செல்லக் களிமண் குறைந்து மணல் மிகும். அம்மணலில் சாண் உயரமும் எட்டாத ஒரு பூண்டு படர்ந்திருக்கும். பூ வெண்ணிறம், கடுகினும் சற்றே பெரிது. குனிந்து பாராதார் கண்ணில் அது படுவதில்லை. சாயவேர் என்பர், மருத்துவ நூலார் இம்பூறல் என்பர். பூவிலே இல்லாத நிறம் வேரிலே உண்டு. மண்ணுள் ஆழ இறங்கும் மெல்லிய வேரின் பட்டையை இடித்து நீரிலிட்டுப் படிகாரம் ஊட்டிய துணியை அதிலே காய்ச்சினால் வெளுத்தாலும் போகாத செந்நிறம் ஏறும்.

இந்த வேருக்காகவே அரசுகள் இம்மணலைக் காவல் செய்தன. 1560இல் போர்த்துக்கீசரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் மன்னாரைக் கைப்பற்றினர். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய அளவுக்கு வரலாற்றாசிரியர் இவ்வேரைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை. ஒல்லாந்தர் காலத்தில் சாயவேர் கும்பனியின் தனியுரிமை. ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அவ்வுரிமையை விட்டாரல்லர். காட்டுப் பூண்டைக் கிண்டுதல் சிலர்க்குக் குலக்கடமையாகச் சுமத்தப்பட்டது. வெயிலில் நாளெல்லாம் குந்தியிருந்து, அறாமல் வேரை உருவியெடுத்த அம்மக்களின் பெயர் எந்த ஏட்டிலே பெரிதாய் நின்றது? சாயமேறிய சீலைக்கே புகழ்.

1868ஆம் ஆண்டு கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர், நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளொன்றைக் கொண்டு அதே செந்நிறத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அலிசரின் என்பது அச்சாயத்தின் பெயர். விலை மலிந்தது, வேரைக் கேட்பாரில்லை. பூண்டுக்கு விடுதலை, கிண்டியவர்க்கு வேறு பிழைப்பு.

வளவுப் பூக்களின் கதை வேறு. வாயிலில் நிற்கும் கடதாசிப்பூ பிரேசில் நாட்டது. 1760களில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கப்பலோட்டி பூகன்வில் பெயரால் மேனாட்டார் அதனை அழைப்பர். செவ்வரத்தையும் மல்லிகையும் நமக்கு நெடுநாள் உறவு. போர்க்காலத்தில் இப்பகுதியினர் பலர் ஊர் பெயர்ந்தனர். 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இலேதான் மீண்டும் ஓடியது. திரும்பிவந்து பற்றைக்குள் தம் வளவைத் தேடுவோர்க்குச் சுவரினும் கிணற்றினும் முன்னே அடையாளம் காட்டவல்லது, தாய் நட்ட செவ்வரத்தையே. நீரூற்றுவாரில்லாத மல்லிகை பட்டுப்போயிருக்கும்.

சாயவேருக்கு நடுவாரும் வேண்டியதில்லை. மாரி ஓய்ந்தபின் ஒரு காலைப்பொழுதில், வெயில் ஏறுமுன், அந்த மணலில் குனிந்து பாருங்கள்.