அளந்துவிட்டு மூடிவைத்த கோப்பு

விண்வெளி மருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக விலங்குகளிலிருந்து தொடங்குவார்கள். லைக்கா என்ற நாய், ஹாம் என்ற சிம்பன்சி, பிறகு யூரி ககாரின், ஆலன் ஷெப்பர்ட். இந்த வரிசையில் விடுபட்டுப்போன ஓர் உடலிலிருந்து நான் தொடங்குகிறேன்.

1960 பிப்ரவரி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரின் லவ்லேஸ் மருத்துவமனை. ஜெர்ரி காப் என்ற 28 வயது விமானியின் காதுக்குள் உறைநிலைக்கு அருகில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினார்கள். அறை சுழலும், கண்மணிகள் தாறுமாறாக ஓடும். எத்தனை நேரத்தில் நிதானத்துக்கு வருகிறார் என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். நீண்ட ரப்பர் குழாயை விழுங்கச் சொன்னார்கள். உடல் ஓய்ந்துபோகும்வரை சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். முந்தைய ஆண்டு இதே மருத்துவமனையில், மெர்க்குரித் திட்டத்துக்கான 32 ஆண்கள் இதே சோதனைகளைக் கடந்திருந்தார்கள்.

மருத்துவமனையை நடத்திய ராண்டால்ஃப் லவ்லேஸ், நாசாவின் உயிரியல் ஆலோசனைக் குழுவுக்கும் தலைவர். ஆனால் பெண்களுக்கான சோதனை நாசாவுடையது அல்ல. அவர் தனியாக நடத்தியது. பெரும்பாலான செலவை ஏற்றவர் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரன். பெண்ணின் எடை குறைவு, அவளுக்கு வேண்டிய உணவும் ஆக்சிஜனும் குறைவு, ஒவ்வொரு கிலோவையும் கணக்குப்பார்த்து ஏற்றும் ராக்கெட்டுக்கு அது லாபம் என்பது லவ்லேஸின் வாதம். அவரைப் பெண்விடுதலையாளர் என்று நினைத்துவிட வேண்டாம். வருங்கால விண்வெளி நிலையங்களில் உதவியாளர், தொலைபேசி இயக்குநர் வேலைகளுக்குப் பெண்கள் தேவைப்படுவார்கள் என்பதுதான் அவர் மனதில் இருந்த சித்திரம். பூமியில் தட்டச்சு செய்தவளை மேலேயும் தட்டச்சு செய்ய அனுப்பப் பார்த்தார். ஆனாலும் அளந்தார். அந்தக் காலத்தில் அதற்குக்கூட முன்வந்தவர்கள் மிகக் குறைவு.

19 பெண்கள் அந்தச் சோதனைக்கு வந்தார்கள். 13 பேர் தேறினார்கள். ஒருவராகவோ இருவராகவோதான் வந்துபோனார்கள். 13 பேரும் ஒரே கூரையின்கீழ் ஒருமுறைகூடக் கூடியதில்லை. அவர்களில் ஜேன் ஹார்ட் எட்டுக் குழந்தைகளின் தாய்.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஓக்லஹோமா நகரில் நடந்த தனிமைச் சோதனை. ஜே ஷர்லி என்ற மனநல மருத்துவர் ஒரு தொட்டி வைத்திருந்தார். உடல் சூட்டிலேயே நீர், கும்மிருட்டு, சத்தமே கிடையாது. மிதக்கும் ஆளுக்குத் தன் தோல் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று கருதப்பட்ட அந்தத் தொட்டியில் காப் 9 மணி 40 நிமிடம் இருந்தார். வாலி ஃபங்க் 10 மணி நேரத்தையும் தாண்டினார். மெர்க்குரி ஆண்களுக்குத் தனிமைச் சோதனை என்றால் ஓர் இருட்டறையில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பது. இரண்டும் ஒரே சோதனை இல்லை என்பதால் பெண்கள் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனித உடலின் தாங்குதிறனைப் பற்றி அன்று கிடைத்த அரிய தகவல் அது. அதைத் தொடர்ந்து ஆராய எவரும் அவசரப்படவில்லை.

1961 செப்டம்பரில் அவர்கள் புளோரிடாவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில் அடுத்தகட்டச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காக வேலையை விட்டவர்களும் உண்டு. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன் தந்தி வந்தது: ரத்து. நாசா முறைப்படி கேட்காமல் கடற்படை தன் கருவிகளைத் தராது, நாசாவோ கேட்கவில்லை. காப் வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டினார். 1962 மார்ச்சில் துணை அதிபர் லிண்டன் ஜான்சனின் முன்னால் இவர்களுக்காக நாசாவுக்கு எழுதப்பட்ட ஒரு வரைவுக் கடிதம் வைக்கப்பட்டது. கையெழுத்திடாமல், இதை இப்போதே நிறுத்துவோம் என்று அதன்மேல் கிறுக்கினார். அந்தத் தாள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தது.

ஜூலையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. ராணுவ ஜெட் சோதனை விமானியாக இருந்தவரே விண்வெளி வீரராக முடியும் என்றது நாசா. அந்தப் பயிற்சிப் பள்ளிகள் பெண்களைச் சேர்ப்பதில்லை. பட்டப்படிப்பும் ஒரு விதிதான். ஜான் கிளென் தேர்வானபோது அவரிடம் பட்டம் இல்லை. அது மட்டும் வளைந்தது. பெண்கள் இத்துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் யதார்த்தம் என்ற பொருளில் அந்தக் கிளென் சாட்சி சொன்னார். பணம் கொடுத்த காக்ரனும் அவசரப்பட வேண்டாம் என்றார். திருமணம் செய்துகொண்டு போய்விடுவார்களே என்று கவலைப்பட்டார். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பாதையை மறித்தாள் என்று இதைச் சுருக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அந்த அறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் அவர் அல்ல.

1964-ல் மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் இந்தச் சோதனைகள் பற்றிய கட்டுரை வந்தது. இரண்டு மருத்துவர்கள் எழுதியது. மாதவிடாயால் ஏறி இறங்கும் பெண்ணின் மனநிலையைச் சிக்கலான இயந்திரத்தோடு பொருத்துவது கடினம் என்பது அதன் தொனி. அதற்கு முந்தைய ஆண்டே வாலன்டினா தெரெஷ்கோவா தன்னந்தனியாக 70 மணி நேரம் பூமியைச் சுற்றி வந்திருந்தார். மெர்க்குரி ஆண்கள் அனைவரின் பறத்தல் நேரத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. சோவியத்தும் அதற்குப்பின் 19 ஆண்டுகள் இன்னொரு பெண்ணை அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அளக்காமல் விட்டதன் விலை பிறகு தெரிந்தது. 1983-ல் சாலி ரைடு ஒரு வாரப் பயணத்துக்குத் தயாரானபோது 100 டாம்பன் போதுமா என்று பொறியாளர்கள் அவரிடமே கேட்டார்கள். எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு அது தகவலே இல்லாத ஒரு நிறுவனத்தின் திகைப்பாகத்தான் படுகிறது. 2005-ல் பிரான்சின் துலூஸ் நகரில் 24 பெண்கள், தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் 60 நாட்கள் எழாமல் படுத்திருந்தார்கள். குளியலும் கழிப்பும் படுத்தபடியேதான். எடையின்மையில் எலும்பும் தசையும் எப்படிக் கரைகின்றன என்பதை அறியப் பூமியிலேயே செய்யும் வழி இது. காப்பின் காதில் நீர் பாய்ந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014-ல் ஆய்வாளர்கள் கூடி, பூமி திரும்பியதும் எழுந்து நின்றால் மயங்குவது பெண்களிடம் அதிகம், கண்பார்வைக் கோளாறு ஆண்களிடம் அதிகம் என்று தொகுத்தார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: பறந்த பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது.

கிளென் 1998-ல் மறுபடி பறந்தார். வயது 77. முதுமை பற்றிய ஆய்வு என்றது நாசா. காப்பையும் அனுப்புங்கள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன, நடக்கவில்லை. 2019-ல் காப் பறக்காமலேயே இறந்தார். வாலி ஃபங்க் 2021-ல், தன் 82-ஆவது வயதில், ஒரு தனியார் ராக்கெட்டில் சில நிமிடங்கள் போய்வந்தார்.

சோதனை விமானி விதி நமக்கும் அந்நியமானது இல்லை. இந்தியாவின் ககன்யான் பயணத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நான்கு பேரும் விமானப்படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆண்கள். நம் விமானப்படையில் பெண்கள் போர்விமானிகளானதே 2016-ல்தான். ஆளில்லாத முன்னோட்டப் பயணத்துக்கு இஸ்ரோ ஒரு பெண்ணுருவ ரோபோவைத் தயாரித்திருக்கிறது. பெயர் வயோமித்ரா. பேசும், பொத்தான்களை இயக்கும், கருவிகளைக் கண்காணிக்கும். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.