தங்க நாற்காலிகள் சொல்லும் கதை

"மெக்கானிக்கல் படித்தவனுக்கு நாற்காலியில் என்னப்பா வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது!

1738-இல் ஹெர்குலேனியம், 1748-இல் பாம்பெய் என எரிமலையால் புதையுண்ட ரோமானிய ஊர்களைத் தோண்டத் தொடங்கினார்கள். அதன்பின் பிரான்சின் ரசனையே மாறியது. நாற்காலியின் வளைந்த கால்கள் போய், தூண் மாதிரி நேரான, வரிப்பள்ளம் வெட்டிய கால்கள் வந்தன. செதுக்கிய சின்னங்களுக்கும் பொருள் உண்டு: லாரல் இலை வெற்றிக்கு, அம்பறாத்தூணி காதலுக்கு, யாழ் இசைக்கு.

தச்சர் சட்டம் கூட்டுவார், சிற்பி செதுக்குவார், இன்னொருவர் சுண்ணப்பொடியும் பசையும் பூசி, தங்கத்தாள் ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவார்.

ராணி மரீ அந்துவானெத்துக்கு நாற்காலி செய்த பாரிஸ் தச்சர் ஜார்ஜ் ஜாகோப். 1789-இல் புரட்சி வந்தது. 1793-94-இல் வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் ஏலம் போயின. ஜாகோப் பட்டறை மட்டும் மூடவில்லை. குடியரசுக்கும் செய்தது, மகன் காலத்தில் நெப்போலியனுக்கும் செய்தது. சின்னங்கள்தான் கழுகு, தேனீ என்று மாறின.

ஜாகோப்பின் பெயர் முத்திரையை அந்தச் சட்டங்களில் இன்றும் பார்க்கலாம். செதுக்கியவர், தங்கம் ஒட்டியவர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. தம்பி தங்கைகளே, நாளை டிராயிங்கில் கையெழுத்துப் போடும்போது ஃபிட்டரையும் வெல்டரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.