விரல் நுனியில் ஒரு நாற்காலி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு பாத்திரத்தை வீட்டுக்குள் அழைத்து வந்து உட்கார வைப்பதற்கு முன்னால், அங்கே கிடப்பது சாய்வு நாற்காலியா, மர பெஞ்சா என்று அவன் தீர்மானித்தாக வேண்டும். அது தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் வரவு செலவில் பாதி தெரிந்துவிடும். ஒரு தேசத்துக்கும் இது பொருந்தும் என்பதை, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய இத்தாலியின் மரச்சாமான்களைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

அந்த நாட்டில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட நாற்காலிகளையும் அலமாரிகளையும் இன்று பல தேசத்துச் செல்வந்தர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ஆனால் அவை பிறந்த வேளை செல்வம் கொழித்த வேளையல்ல.

1943 ஆகஸ்டில் மிலான் நகரத்தின் மேல் குண்டு மாரி பொழிந்தது. புகழ் பெற்ற லா ஸ்காலா இசை நாடக அரங்கத்தின் கூரையே இடிந்து விழுந்தது. வீடிழந்தவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்து எழுந்த புது வீடுகளில் பாட்டன் காலத்துக் கனத்த மேஜையும் சித்திர வேலை செய்த பீரோவும் நுழைவதற்கே இடமில்லை. இடத்தை அடைக்காத, கைக்கு லகுவான சாமான்கள் தேவைப்பட்டன.

மிலானில் ஜியோ போன்டி என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். 1891-ல் பிறந்தவர், 1928-ல் 'டோமஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். புதுமைக்காக அவர் கற்பனையில் எங்கெங்கோ பறக்கவில்லை. கியாவரி என்ற கடற்கரை ஊரின் பழைய நாற்காலியை எடுத்து வைத்துக்கொண்டார். 1807-ல் அவ்வூர்த் தச்சர் டெஸ்கால்சி, பாரிஸிலிருந்து வந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, அவற்றின் சதையையெல்லாம் கழித்து எலும்பும் நரம்பும் மட்டும் நிற்கும்படி செய்த நாற்காலி அது. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு போன்டி அதை இன்னும் இளைக்க வைத்தார். கால்களை முக்கோண வடிவில் சீவினார். மிலானுக்கு வடக்கே மேடா என்ற ஊரில், 1927-ல் ஏற்பட்ட கஸ்ஸீனா பட்டறைக்காரர்கள் துணை நின்றார்கள். 1957-ல் 'சூப்பர்லெஜ்ஜெரா' வெளிவந்தது. 'மிக மிக லேசானது' என்று பொருள். அதன் எடை 1.7 கிலோ! சின்னப் பையன் ஒருவன் அதை ஒரே விரலால் தூக்கிவிடலாம். நாலாவது மாடியிலிருந்து எறிந்து பார்த்தார்கள், அது பந்து போல எழும்பியதே தவிர உடையவில்லை என்றும் சொல்வார்கள்.

அந்த நாற்காலியின் இருக்கை பிரம்புப் பின்னல். இத்தாலியர்கள் பிரம்புக்கு இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'இந்திய நாணல்'!

அலமாரிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1951-ல் போன்டியும் பியரோ போர்னஸெட்டி என்ற ஓவியரும் சேர்ந்து ஓர் எழுத்து மேஜை அலமாரி செய்தார்கள். 'ஆர்க்கிடெட்டூரா', அதாவது 'கட்டடக் கலை', என்று பெயர். உருவம் வெறும் பெட்டிதான். செதுக்கு வேலை கிடையாது. ஆனால் பரப்பெல்லாம் பழைய அரண்மனைகளின் தூண்களும் வளைவுகளும் ஜன்னல்களும் அச்சுப் படமாகப் பதிந்திருக்கும். கதவைத் திறந்தால் உள்ளேயும் மண்டபங்கள்தான். குண்டு விழுந்த நகரத்தில் ஒருவன் தன் சிறிய அறைக்குள் ஓர் அரண்மனையையே மடித்து வைத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றுகிறது. அத்தகைய அலமாரி ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிழைக்க வேண்டிய தேசம் தன் கைவேலையை விற்கவும் வேண்டுமல்லவா? 1950-ல் நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 'உழைக்கும் இத்தாலி' என்ற கண்காட்சி தொடங்கியது. அமெரிக்காவின் பல ஊர்களுக்கும் அது பயணம் போயிற்று. டூரின் நகரத்துக் கார்லோ மொல்லீனோ அமைத்த, கண்ணாடிப் பலகை போட்ட சாப்பாட்டு மேஜை ஒன்றும் அதில் இருந்தது. பின்னால் இத்தாலிய அரசாங்கமே அதை அந்த அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. பெருந்தொற்று பரவிய 2020-ல், மற்றச் சேகரங்களைப் பராமரிக்கப் பணம் திரட்டுவதற்காக அருங்காட்சியகம் அந்த மேஜையை ஏலத்துக்கு அனுப்பியது. போன விலை 60 லட்சம் டாலருக்கு மேல்!

கை நீட்டி நின்ற காலத்தில் ஒரு தேசம் கொடுத்த பரிசு அது. ஏலச் சுத்தியல் விழுந்த அந்தக் கணத்தில் விற்கப்பட்டது மேஜை மட்டும்தானா என்று யோசிக்கிறேன்.

சேகரிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவனுக்குப் பழசாகிப் போனதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துடைத்துக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். ஆனால் அவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. பிரம்புப் பின்னல் என்றைக்காவது அறுந்து போகும். அப்போது புதிதாகப் பின்னுவதா, அறுந்தது அறுந்தபடியே வைப்பதா? பின்னினால் 'ஆதிப் பொருள்' என்ற மதிப்புக் குறையும். பின்னாவிட்டால் உட்கார முடியாது. சூப்பர்லெஜ்ஜெராவைக் கஸ்ஸீனா கம்பெனி இன்றும் செய்து விற்கிறது. ஆகையால் பழைய நாற்காலிக்கு அதிக விலை கொடுப்பவன் வாங்குவது மரத்தையல்ல, அது கடந்து வந்த வருஷங்களை. அந்த வருஷங்களில் எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து சூப் குடித்திருப்பார்கள். கடன் கணக்குப் பார்த்திருப்பார்கள். குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பின்னலை அறுத்தது அவர்களுடைய வாழ்க்கைதான்.

என்னைக் கேட்டால், பின்னத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பின்னச் சொல்வேன். இடமில்லாத வீட்டில் வருகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமென்றுதானே அதை அத்தனை லேசாகச் செய்தார்கள்? விலை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். யாராவது வந்தால் அதை ஒரு கையால் தூக்கி வந்து போட்டு, "உட்காருங்கள்" என்று சொல்ல முடியும்.