நூலகத்துக்கு வெளியே ஒரு மேசை: ஆண்டாப் ஹில் மாணவர்களும் பல்கலைக்கழக நூலகக் கூட்டும்

மும்பையின் ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும், சங்கம் நகர், கோக்ரி ஆகார் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. சற்றுத் தொலைவில் மாட்டுங்காவின் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகமும், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கழகமும், ரூயா, பொத்தார், கால்சா கல்லூரிகளும் உள்ளன. இத்தனை உயர்கல்வி நூலகங்கள் பக்கத்தில் இருந்தும், ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழும் முதல் தலைமுறை மாணவருக்கு அவற்றால் முழுப் பயன் கிடைப்பதில்லை. பகுதிநேர வேலை முடித்து அவர் திரும்பும்போது நூலகம் மூடியிருக்கும். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவராக இருந்தால், முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப நூலகம் பிறரோடு கூட்டுச் சேர வேண்டும். ஆனால் நம் நூலகத் துறையில் கூட்டு என்றால் பெரும்பாலும் வளப் பகிர்வுதான். 2010இல் வந்த என்-லிஸ்ட் திட்டம் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஆய்விதழ்களுக்கான ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவை பெரிய சாதனைகள், ஐயமில்லை. ஆனால் எதைப் படிக்கலாம் என்ற கேள்விக்கே இவை விடை தருகின்றன. கிடைத்த ஐம்பது கட்டுரைகளில் எதை ஒதுக்குவது, படித்ததைத் தன் வாதமாக எப்படி மாற்றுவது என்பதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

அந்த ஆள் உட்காருவதற்கான இடம் மும்பையில் புதிதல்ல. மாநகராட்சியும், மண்டல் எனப்படும் உள்ளூர் மன்றங்களும் நடத்தும் அப்யாசிகா என்ற படிப்பறைகள், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் படிப்பதற்கென்றே உருவானவை. விளக்கும் மேசையும் அமைதியும் அங்கே உண்டு; கல்லூரி நூலகரின் கால் மட்டும் அங்கே படுவதில்லை. என்-லிஸ்ட் கடவுச்சொல் மாணவருடையது, எங்கிருந்தும் திறக்கும். எனவே அப்யாசிகாவில் ஒரு கைபேசி போதும், கல்லூரியின் மின்னூல்கள் அங்கே வந்துவிடும்.

கல்லூரிக்கு வெளியே போய் மாணவருக்கு உதவுவது பொது நூலகத்தின் வேலை அல்லவா என்று கேட்கப்படுவதுண்டு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்ற முதல் விதியை விளக்கும்போதே நூலகம் அமையும் இடத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் விரிவாகப் பேசினார். வாசகர் வந்து சேர முடியாத நூலகம் அவருடைய முதல் விதியிலேயே தோற்றுவிடுகிறது. அந்த வாசகர் பட்டப்படிப்பு மாணவராக இருக்கும்போது, பொறுப்பைப் பொது நூலகத்தின் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இடம் மட்டும் கிடைத்தாலும் போதாது. ஆசிரியரும் இந்தக் கூட்டில் சேர வேண்டும். அமெரிக்காவின் ஏர்ல்ஹாம் கல்லூரியில் 1962 முதல் நூலகராக இருந்த எவன் ஃபார்பர், நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக நடத்தாமல், ஒரு பாடத்தில் ஆசிரியர் தரும் குறிப்பிட்ட ஒப்படைப்போடு இணைத்தார். தேவை எழும் நேரத்தில் கற்பது நிலைக்கும் என்பது அதன் அடிப்படை. நம் கல்லூரிகளிலோ ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை நூலக அறிமுகம் நடக்கிறது. தலைப்பு கைக்கு வருவதற்குள் அது மறந்துபோகிறது.

நூலகப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது இதற்கு யார் வருவார்கள் என்ற மறுப்பு வலுவானது. நூலகர் ஒருவரே எல்லா இடத்துக்கும் போக முடியாதுதான். ஆனால் மகாராஷ்டிரத்தில் தேசியக் கல்விக் கொள்கையின்படி அமைந்த பட்டப்படிப்பில் சமூக ஈடுபாட்டுப் பணிக்கு மதிப்பலகு உண்டு. நூலகரிடம் பயிற்சி பெற்ற மூத்த மாணவர்கள் வாரத்தில் சில மாலைகள் அப்யாசிகாவில் இளையவர்களுக்கு உதவுவதை அந்தப் பணியாகவே ஏற்கலாம். தமிழ் தெரிந்த மூத்தவர் அமைந்தால், மாணவர் தன் வாதத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதலாம். யார் என்ன செய்வது என்பதைக் கல்லூரியும் துறையும் அப்யாசிகாவை நடத்துபவர்களும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்குவது, தொடங்கியவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும். முதல் ஆண்டில் ஒரு பாடம், ஓர் ஒப்படைப்பு, ஓர் அப்யாசிகா என்ற அளவே போதும். அந்த ஒப்படைப்பின் தலைப்பை ஆசிரியர் முடிவு செய்யும்போது நூலகரும் உடனிருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.