நிற்கும் கட்டடத்தைப் படிக்கும் படிப்பு

மும்பை மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி 1887இல் தொடங்கப்பட்டு, 1923இல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. மாட்டுங்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல அடுத்த தலைமுறைகளில் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று நகர்ந்துவிட்டன; கல்லூரி அங்கேயே இருக்கிறது. சிவில் பட்டம் முடித்து, கேட் தேர்வு எழுதி, கட்டமைப்புப் பொறியியலில் எம்.டெக். சேர நினைக்கும் டோம்பிவிலிப் பிள்ளைக்கு அது லோக்கல் ரயில் தூரம்தான்.

பட்டப்படிப்பே வேலைக்குப் போதும் என்றிருக்கும்போது மேற்படிப்பு எதற்கு?

பட்டப்படிப்பில் மாணவர் வடிவமைப்பது பெரும்பாலும் இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தை. கான்கிரீட்டின் வலு, கம்பியின் தரம், மண்ணின் தாங்குதிறன் எல்லாம் கணக்கிலேயே தரப்பட்டிருக்கும். டோம்பிவிலியில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் முன் போய் நின்றால், இவற்றில் ஒன்றும் கையில் இருக்காது. வரைபடம் தொலைந்திருக்கும். பால்கனி அறையாகியிருக்கும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று கூடியிருக்கும். நாற்பது மழைக்காலம் பார்த்த தூண் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் மேற்படிப்பு.

ஒரு சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தூணின் பூச்சை நீக்கி, கான்கிரீட்டைச் சற்றுப் பெயர்த்து, அந்தப் புதுப் பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்கிறார்கள். காரத்தன்மை மிச்சமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காற்றின் கார்பன் டை ஆக்சைடு புகுந்த பகுதி நிறம் மாறாது. நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும். அது ஏறத்தாழ 9க்கு இறங்கினால், கம்பியைக் காக்கும் மெல்லிய படலம் சிதைந்துவிடும். நிறம் மாறாத பட்டை கம்பிவரை எட்டிவிட்டால் துருவுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். துரு, தான் அரித்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஜன்னலுக்கு மேலுள்ள சஜ்ஜாவிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுவது அதனால்தான்.

உப்பும் இதே வேலையைச் செய்யும். கழிமுகத்தை ஒட்டிய ஊர்களில் உவர்மணலைச் சரியாகக் கழுவாமல் கலந்தால், கம்பியின் பகை முதல் நாளே உள்ளே போய்விடுகிறது. கம்பி வைத்த கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456:2000.

கருவி வைத்திருப்பவரெல்லாம் நிபுணர் ஆகிவிட முடியாது. பரப்பில் மோதித் துள்ளும் அளவை வைத்து வலுவை மதிப்பிடும் ரீபவுண்ட் சுத்தியலை எடுத்துக்கொள்வோம். கார்பன் டை ஆக்சைடு புகுந்த பரப்பு இறுகிப்போவதால், பழைய தூணில் அது உள்ளதைவிட அதிக வலுவைக் காட்டும். எனவே மீயொலி அலை உள்ளே எவ்வளவு வேகமாகப் போகிறது என்றும் அளக்கிறார்கள். நொடிக்கு 4.5 கிலோமீட்டரைத் தாண்டினால் கான்கிரீட் மிக நன்று. 3க்குக் கீழே என்றால் சந்தேகம். இரண்டு அளவுகளும் முரண்பட்டால் சந்தேகமான இடத்தில் கோர் எனும் உருளைத் துண்டை வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கவேண்டும். எந்த இடம் என்று முடிவு செய்ய, பாரம் எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்ற கணக்கு தெரிந்திருக்கவேண்டும்.

அந்தக் கணக்கை மதிக்காததன் விலை இந்தப் பகுதிக்குத் தெரியும். 2015 ஜூலையில் டோம்பிவிலிக்கு அடுத்த தாக்குர்லியில் பழைய கட்டடம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் விழுந்து 17 பேர் மாண்டார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்றுவேலையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது.

முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டமைப்புத் தணிக்கை, இன்று இங்கே சட்டப்படி கட்டாயம். அதன் முடிவு நான்கு வகை: சி1 என்றால் உடனே காலி செய்து இடிக்கவேண்டும், சி2ஏ என்றால் காலி செய்து பெரிய பழுது பார்க்கவேண்டும், சி2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே பழுது பார்க்கலாம், சி3 என்றால் சில்லறை வேலை போதும். சி2ஏ, சி2பி இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் எழுத்துதான், ஒரு குடியிருப்புச் சொசைட்டியின் அத்தனை குடும்பங்களும் வாடகைக்கு வீடு தேடவேண்டுமா என்று தீர்மானிக்கிறது. கட்டட உரிமையாளர் கொண்டுவரும் அறிக்கை சி1 என்றும், குடியிருப்போரின் அறிக்கை சி2பி என்றும் மோதிக்கொள்வதும் உண்டு. மும்பை மாநகராட்சியில் அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஆராய்கிறது. எத்தனை தூண்களைச் சோதித்தார்கள், கோர் எங்கே வெட்டினார்கள், பாரக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்விகளைச் சொசைட்டிப் பொதுக்குழுவிலேயே கேட்கலாம். அதைக் கேட்கத் தெரிந்த எம்.டெக். பிள்ளை ஒருவர் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கக்கூடும்.