கார்போகத்தில் விடாத மழை... உருளைக்கிழங்கைக் காப்பாற்றுவது எப்படி?

சமவெளியில் வெயில் கொளுத்தும்போதே நீலகிரியில் கார்போகப் பயிர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குளிர், பனிமூட்டம், நாள்கணக்கில் சாரல். செடிக்குக் குளிர் பிரச்சனையே இல்லை. இலை காயாமல் ஈரமாவே இருப்பதுதான் பிரச்சனை.

என்ன ஆபத்து?

பின்பருவ இலைக்கருகல் நோய். 1845-ல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய்தான். உருளைக்கிழங்கு, தக்காளி இரண்டையும் தாக்கும். சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் சில நாட்களில் மொத்தத் தோட்டமும் கருகிவிடும்.

எப்போது உஷாராகணும்?

பிரிட்டனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து 2 நாட்கள் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாமல், தினமும் 6 மணி நேரமாவது காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை. மலையில் மழைக்காலத்தில் இது சாதாரணமா நடக்கும்.

அறிகுறி என்ன?

இலை நுனியில் நீர் கோர்த்த மாதிரி பழுப்புத் திட்டு. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம்.

என்ன செய்யலாம்?

* மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணீர் நிற்காமல் வடிகால் எடுங்க.
* காற்று புகும்படி இடைவெளி விடுங்க.
* கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணைக்கணும். இல்லைன்னா இலையில் உள்ள கிருமி மழையில் வழிந்து கிழங்கையும் அழுக வைக்கும்.
* நோய் வருவதற்கு முன்பே 1% போர்டோ கலவை தெளிக்கலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். முற்றிய நோயை இது குணமாக்காது.
* 'குஃப்ரி கிர்தாரி' போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தைத் தேர்வு செய்யலாம்.
* தக்காளிக்கு மேலே மழை மறைப்பு கட்டாயம்.
* பிளம்ஸ், பேரி மரத்தடியில் விழுந்து அழுகிய பழங்களை அப்படியே விடாதீங்க. அதிலிருந்து மற்ற பழங்களுக்கும் அழுகல் பரவும்.

நோய் பரவிவிட்டால்?

செடியின் மேல்பகுதியை அறுத்து, தோட்டத்துக்கு வெளியே அகற்றுங்க. உடனே கிழங்கைத் தோண்டக் கூடாது. 2 வாரம் விட்டால் தோல் கெட்டிப்படும். மழை இல்லாத நாளில் எடுத்தால் மிச்சமுள்ள கிழங்காவது கெடாமல் கைக்கு வரும்.

கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட்டை இந்த நோய் தாக்காது. பாதி நிலத்தில் இவற்றைப் போட்டால், உருளை கைவிட்டாலும் அந்தப் போகம் முழுசா நஷ்டமாகாது.