கம்பளி நூலில் தொடங்கிய தேர்வு

1875 நவம்பர் 15, நள்ளிரவு தாண்டிய நேரம். ஸ்வீடனில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு விரைவு ரயில்கள் எதிரெதிரே வந்துகொண்டிருந்தன. ஒன்றை வழியில் நிறுத்த விளக்கு காட்டினார்கள். ரயிலின் வேகம் குறைந்தது; பிறகு ஏனோ மீண்டும் சீறிப் பாய்ந்தது. லாகர்லுண்டாவில் பெரும் மோதல். 9 பேர் பலி. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்க, ஓட்டுநர் உயிரோடு இல்லை.

உப்சாலா பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் ஃப்ரிட்யோஃப் ஹோல்ம்கிரெனுக்கு ஒரு சந்தேகம்: சிவப்பு விளக்கு அந்த ஓட்டுநர் கண்ணில் சிவப்பாகத் தெரிந்ததா? மறு ஆண்டு, ஒரு ரயில் பாதையின் ஊழியர்கள் முன் வண்ணக் கம்பளி நூல்கண்டுகளைக் குவித்தார். வெளிர்பச்சை நூலைக் காட்டி, அதே சாயலில் உள்ளவற்றைப் பொறுக்கச் சொன்னார். சிலர் பழுப்பையும் சாம்பலையும் தயக்கமின்றி எடுத்து வைத்தார்கள். சோதித்த 266 பேரில் 13 பேருக்கு நிறக்குறை! அந்த ஓட்டுநருக்கு அது இருந்ததா என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் ரயில்வேக்கள் விழித்துக்கொண்டன. சோதனைதான் இன்னும் கூர்மையாக வேண்டியிருந்தது.

அந்தக் கூர்மை ஜப்பானிலிருந்து வந்தது. படையில் சேர்வோரைச் சோதிக்க வழி கேட்டது ராணுவம். டோக்கியோ கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா நீர்வண்ணத்தில் புள்ளி புள்ளியாகத் தம் கையாலேயே வரைந்தார். புள்ளிகளுக்குள் ஜப்பானிய எழுத்துகளை ஒளித்தார். சரிபார்க்க அவருக்குத் துணை நின்றவரோ நிறக்குறை உள்ள ஒரு மருத்துவர். எந்த எழுத்து மறைகிறது என்பதை அந்தக் கண்கள்தானே சொல்ல முடியும்! 1917இல் வெளியான அட்டைகள், எழுத்துகளுக்குப் பதில் எண்கள் ஏறியதும் உலகம் சுற்றின. அதற்குள் சிவப்பும் பச்சையும் வானத்துக்கு ஏறிவிட்டிருந்தன.

விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் உயரம் சரி. நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. 2002 ஜூலை 26, விடியுமுன், அமெரிக்காவின் டலஹாசியில் ஒரு சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் பிழைத்தார்கள். களைப்பு, கண்காணிப்புக் குறைவு ஆகியவற்றோடு, விமானத்தை இறக்கிய துணை விமானியின் நிறக்குறையையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்தது.

பல நாடுகளில் விமானி ஆக வருபவரின் மருத்துவப் பரிசோதனையில் விரியும் புள்ளிப் புத்தகம் அந்த இஷிஹாராவுடையதுதான். அதில் தவறுவோருக்குப் பல நாடுகளில் விளக்குச் சோதனை போன்ற இரண்டாம் வாய்ப்பும் உண்டு.